தாத்தா முகம் ஒன்று, சுவர் பன்னிரண்டு: ஸ்கிரீன் பிரிண்டா, இங்க்ஜெட்டா, எண்ணெய் ஓவியமா?

போன இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூவரும் பெங்களூர்த் தமிழர்கள். மூவர் கையிலும் இறந்துபோன ஒரு பெரியவரின் பழைய போட்டோ. ஹாலில் மாட்ட ஒரு படம் வேண்டும், ஆனால் மாலை போட்டு சீரியல் பல்பு கட்டிய வழக்கமான படமாக இருக்கக் கூடாது. “முகம் மட்டும் அப்படியே இருக்கும், சட்டை, பின்னாடியெல்லாம் கலர் கலராக வெறும் வடிவமாக இருக்குமே, அந்த மாதிரி” என்று ஒருவர் கையை ஆட்டி விளக்கினார். அவர் சொன்னது ஸ்கிரீன் பிரிண்ட் உருவப்படம். அதைச் செய்யலாமா, பேசாமல் போட்டோவையே பெரிதாகப் பிரிண்ட் போடலாமா, இல்லை ஓவியர் ஒருவரிடம் கொடுக்கலாமா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது தாத்தா படத்துக்காக. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் தனியாக நிற்கும் ஒரே படம் கம்பெனி அடையாள அட்டையில் ஒட்டியது. அதில் முகம் இரண்டு சென்டிமீட்டர் உயரம். தோள்மேல் ஊதா நிற ஆபீஸ் முத்திரை பாதி வட்டமாக விழுந்திருக்கும். மற்றதெல்லாம் கல்யாண குரூப் போட்டோ, அதிலும் மூன்றாவது வரிசை. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பம் சிதறியது. பெரியப்பா ஆண்டர்சன்பேட்டையிலேயே இருக்கிறார், அத்தை அல்சூரில், சித்தப்பா ஓசூரில், நாங்கள் கே.ஆர். புரத்தில். பேரப்பிள்ளைகளையும் சேர்த்தால் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு பேருக்கும் தாத்தா வேண்டும்.

மூன்று வழியையும் விசாரித்தோம், ஒன்றைச் செய்தோம், அதிலும் ஒரு தப்பு நடந்தது. அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். விலைகள் எங்களுக்குச் சொன்னவை, உங்களுக்கு மாறும். கணக்குப் போடும் விதம் மாறாது.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். விலை கடைசியில் வரட்டும்.

போட்டோ எவ்வளவு மோசம்? முகத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இந்த ஒரு அளவே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

எத்தனை சுவர்? ஒரு வீட்டுக்கா, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்குமா?

வீட்டார் ஒப்புவார்களா? இதை யாரும் யோசிப்பதில்லை, கடைசியில் சண்டை வருவது இதில்தான். முகத்தைப் பச்சையிலும் ஆரஞ்சிலும் பார்க்கிற மனசு எல்லோருக்கும் இருக்காது. “இது அப்பா மாதிரி இல்லையே” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் படம் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

எவ்வளவு தூரத்தில் இருந்து பார்ப்பீர்கள்? பெங்களூர் அடுக்குமாடி ஹாலில் சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு அடி இருந்தால் பெரிது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்துச் சுவர் என்றால் மூன்றே அடி.

வெயிலும் ஈரமும். மேற்கு ஜன்னல் எதிரே மாட்டுகிறீர்களா? மழைக்காலத்தில் அந்தச் சுவரில் ஓதம் ஏறுமா?

அப்புறம்தான் விலை. அதோடு எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதும்.

## ஸ்கிரீன் பிரிண்ட்

இதை ஏதோ வெளிநாட்டு மாடர்ன் ஆர்ட் என்று நினைக்க வேண்டாம். கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுக்கிறார்களே, மணமக்கள் பெயர் அச்சடித்து, அதே வேலைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. அதன்மேல் ஒளிபட்டால் கெட்டியாகும் எமல்ஷனைப் பூசி, படத்தின் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடத்தில் எமல்ஷன் கெட்டியாகாது. தண்ணீரில் கழுவினால் போய்விடும். அந்த ஓட்டைகள் வழியாக ஸ்க்வீஜி என்கிற ரப்பர் கட்டையால் மையை இழுத்துத் தாளில் இறக்குவது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நாலு நிறம் என்றால் ஒரே தாளை நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தையதோடு சரியாகப் பொருத்தி, அடிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நெடுங்காலம் விளம்பரப் பலகைக்கும் துணிக்கும்தான் பயன்பட்டது. 1962இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் போட்டோவை ஸ்கிரீனுக்கு ஏற்றி முகங்களை அடிக்க ஆரம்பித்த பிறகுதான் உருவப்படம் என்றதும் இந்த முறை நினைவுக்கு வரத் தொடங்கியது. 1967இல் அவர் வெளியிட்ட மர்லின் மன்றோ தொகுப்பில் பத்துப் படங்கள், 250 செட். முகம் ஒரே போட்டோதான். கண், முடி, உதடு, பின்னணி எல்லாம் தட்டையான நிறத் துண்டுகள். நிஜமும் அரூபமும் (எதையும் அப்படியே காட்டாத வெறும் வடிவம்) ஒரே தாளில் இருப்பது இப்படித்தான்: போட்டோவிலிருந்து வந்த கறுப்பு அடுக்கு நிஜத்தைத் தாங்கும், அடியில் இருக்கும் நிறங்கள் தம் இஷ்டத்துக்குப் போகும்.

இந்த அமைப்பு மோசமான போட்டோவுக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு. தாத்தா முகம் 2 செ.மீ. அதை 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 பிக்சல் வீதம், ஸ்கேன் செய்தால் உயரத்தில் சுமார் 945 பிக்சல் கிடைக்கும். நல்ல இங்க்ஜெட் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முகம் மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டும். அதற்குமேல் போனால் மங்கும். ஸ்கிரீன் பிரிண்டில் போட்டோவின் சாம்பல் நிறங்களைச் சின்னதும் பெரிதுமான புள்ளிகளாக மாற்றுவார்கள். ஹாஃப்டோன் என்பது அதுதான். பழைய செய்தித்தாள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்குலத்துக்கு 45 வரிசைப் புள்ளி என்றால் அதற்கு இரட்டிப்பாக 90 பிக்சல் இருந்தால் போதும். அதே 945 பிக்சலில் முகம் பத்து அங்குலத்துக்கு வந்துவிடும். 18×24 அங்குலத் தாளுக்கு அது கச்சிதம். போட்டோவில் இல்லாத நுணுக்கத்தை ஸ்கிரீன் பிரிண்ட் கேட்பதே இல்லை.

முத்திரை விஷயமும் அப்படித்தான். இங்க்ஜெட் பிரிண்ட் போடுபவர் அந்த ஊதா அரைவட்டத்தை அழித்து, அடியில் தோள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துச் சட்டையை நிரப்பித் தந்தார். சுத்தமாக இருந்தது, ஆனால் அந்தச் சட்டை தாத்தாவுடையது இல்லை. ஸ்கிரீன் பிரிண்ட் செய்த பெண் அதே வட்டத்தை ஒரு நிற வடிவமாக வைத்துக்கொண்டார். தாத்தாவின் முகத்துக்குப் பின்னால் தட்டையான வெளிர்மஞ்சளில் சைனைடு மேடு, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் குன்று. தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு அந்த மேட்டின் சரிவு போதும், வேறு ஊர் அடையாளம் வேண்டாம். முன்னால் ஊதாவில் கம்பெனி முத்திரை. எனக்கு மனசு சாய்ந்தது அந்த இடத்தில்தான். கிடைக்காததைக் கிடைத்தது போல் காட்டாமல், அந்த வெற்றிடத்தையே வடிவமாக்கிவிட முடிகிறது.

மறைந்திருக்கும் செலவு. எங்களுக்குச் சொன்ன விலை: வடிவமைப்புக்கு 15,000, ஸ்கிரீன் ஒன்றுக்கு 1,500, நாலு நிறத்துக்கு 6,000. ஆக ஒரு தாள் கூட அடிக்கும் முன்பே 21,000 ரூபாய். அதன்பிறகு தாளும் கூலியும் சேர்த்துப் பிரதிக்கு 900. ஒரே ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டால் 21,900. பன்னிரண்டு என்றால் ஒன்று 2,650. இதோடு சேதாரம் இருக்கிறது. பன்னிரண்டு நல்ல பிரதி வர வேண்டுமானால் பதினாறு தாளாவது போட்டு ஆரம்பிக்க வேண்டும். அந்தச் சேதாரம் விலைக்குள் அடக்கமா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: வேலை முடிந்ததும் எமல்ஷனைக் கரைத்து ஸ்கிரீனை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து ஓசூர்ச் சித்தப்பா “இன்னொண்ணு கிடைக்குமா?” என்றால் திரும்ப முதலிலிருந்துதான். ஃபிலிமையாவது வாங்கி வைத்துக்கொண்டால் வடிவமைப்புச் செலவு மிச்சமாகும். தலையை எண்ணி, அதற்குமேல் இரண்டு அதிகம் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போவார்கள்.

கல்யாணப் பத்திரிகை அடிப்பவரிடமே கொடுக்கலாமா? நியாயமான கேள்வி. சிக்பேட்டை, சுல்தான்பேட்டைப் பக்கம் பத்திரிகை அடிப்பவர்களின் கை வேகமும் நிறத்தைப் பொருத்தும் திறமையும் சாதாரணமில்லை. தங்க மையில் பிள்ளையாரைப் பிசிறில்லாமல் இறக்குவார்கள். நாங்கள் செலவை மிச்சம் பிடிக்க முதலில் அப்படி ஒரு இடத்தில்தான் மூன்று பிரதி சோதனைக்குக் கொடுத்தோம். அவர்களின் வழக்கமான வேலை சின்னத் தாள், தட்டை நிறம், எழுத்து. போட்டோப் புள்ளி அவர்களுக்குத் தினசரி வேலை இல்லை. புள்ளிகளின் வரிசையும் வலைத்துணியின் இழையும் ஒன்றோடொன்று மோதி, தாத்தா கன்னத்தில் பட்டுப்புடவையில் தெரிவது போல அலை அலையாக ஒரு கோடு விழுந்துவிட்டது. புள்ளி வரிசையைச் சாய்த்து வைத்து, வலையையும் அதற்கேற்ப நெருக்கமாக எடுத்தால் இது வராது. சென்டிமீட்டருக்கு 90 இழையாவது இருந்தால் 45 வரிசைப் புள்ளி நிற்கும். அதோடு சிவப்பு அடுக்கு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து உதட்டுக்குக் கீழே வழிந்திருந்தது. நான் மூன்றையும் கிழிக்க இருந்தேன். அத்தை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்: “இருடா, அப்பா வெத்தலை போட்ட மாதிரியே இருக்கு.” அல்சூரில் இன்று மாட்டியிருப்பது அந்தப் பிரதிதான்.

தட்டை நிறமும் கோடும் மட்டுமே உள்ள வடிவமாக, ஏ3 அளவுக்குள் இருந்தால் பத்திரிகைக்காரரே போதும், செலவும் பாதியாகும். போட்டோவும் புள்ளியும் வந்தால் கலைப் பிரதி அடிக்கும் ஸ்டுடியோவுக்குப் போங்கள்.

யாருக்கு இது சரி: போட்டோ சின்னது, பழையது, கறை பட்டது, பத்துக்கு மேல் பிரதி வேண்டும், வீட்டில் இரண்டு பேராவது அந்த நிறங்களை ரசிப்பார்கள்.

யாருக்குச் சரிப்படாது: பூஜை அறையில் மாலை போட்டுக் குங்குமம் வைக்கப்போகிற படத்துக்கு. அங்கே அவர்கள் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கலை பேசக் கூடாது. பெரியம்மா இதை நேராகவே சொன்னார். அந்த ஒரு சுவருக்கு வேறு படம் போட்டோம்.

## காப்பக இங்க்ஜெட் பிரிண்ட்

கேலரிக்காரர்கள் இதற்கு ஜிக்லே என்று பெயர் சொல்வார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நிறமி மை போட்ட உயர்தர இங்க்ஜெட் இயந்திரத்தில் பருத்தித் தாளில் எடுக்கும் பிரிண்ட். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ‘இங்க்ஜெட்’ என்று சொன்னால் ஆபீஸ் பிரிண்டர் போல ஒலிக்கிறதே என்று வைத்த பிரெஞ்சுப் பெயர் அது. இன்று அந்தப் பெயரில் என்னவெல்லாமோ விற்கிறார்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: மை நிறமியா, சாய மையா? தாள் பருத்தியா, மரக்கூழா? பதில் தெளிவாக வராவிட்டால் அது சாதாரண போஸ்டர் பிரிண்ட். சாய மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

இதன் பலம், உள்ளதை உள்ளபடி தருவது. கன்னத்தின் மெல்லிய நிழல், நரைமுடியின் ஒவ்வோர் இழை, எல்லாம் வரும். அதற்கு அந்த நுணுக்கம் போட்டோவில் இருக்க வேண்டும். நல்ல கேமராவில் எடுத்த படம், அல்லது அந்தக் காலத்து ஸ்டுடியோவில் பெரிய நெகட்டிவில் எடுத்துப் பத்திரமாக இருக்கும் படம் என்றால், ஸ்கிரீன் பிரிண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இதற்கே போங்கள். நல்ல போட்டோவை எடுத்துப் புள்ளியாக்கித் தட்டையாக்குவது வீண்.

எங்களுக்குப் பழுது பார்க்க 7,000, ஏ2 அளவில் பிரதிக்கு 2,200 என்றார்கள். ஸ்கிரீன் பிரிண்டோடு வைத்துப் பார்த்தால் பத்துப் பிரதி வரை இதுதான் மலிவு. பதினொன்றாவதில் கணக்கு புரள்கிறது. 11 பிரதிக்கு ஸ்கிரீன் பிரிண்ட் 30,900, இங்க்ஜெட் 31,200. இங்கே பெரிய வசதி, எப்போது வேண்டுமானாலும் இன்னொன்று எடுக்கலாம். கோப்பு கையில் இருந்தால் போதும்.

மறைந்திருக்கும் செலவு பழுது பார்ப்பதில்தான். இப்போது பலரும் மங்கலான போட்டோவைக் கணினிச் செயலியில் போட்டுத் துலக்குகிறார்கள். அது தெரியாத இடத்தில் தானாக ஒரு கண்ணை வரைந்துவிடும். படம் பளிச்சென்று இருக்கும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். ஆனால் அது யாரோ ஒரு அறுபது வயதுக்காரர். தாத்தாவின் இடது இமை கொஞ்சம் தொங்கும். செயலி அதைச் சரிசெய்துவிட்டது. பழுது பார்த்த படத்தை அவரைத் தினமும் பார்த்த ஒருவரிடம் காட்டாமல் பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஸ்கிரீன் பிரிண்டுக்குச் செய்த வடிவத்தையே இங்க்ஜெட்டில் எடுத்தால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். எடுக்கலாம். மூன்றே பிரதி என்றால் நானே அதைத்தான் சொல்வேன். பக்கத்தில் போனால் வித்தியாசம் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் மை தாளுக்கு மேல் ஒரு தோலாக உட்கார்ந்திருக்கும், ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறிய விளிம்பு வெளிச்சம் சாய்வாக விழும்போது மினுங்கும். இங்க்ஜெட்டில் எல்லாம் ஒரே மட்டம். பன்னிரண்டு அடி தூரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. தூரத்தை அளந்து வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

## எண்ணெய் ஓவியம்

ஒருவர் உட்கார்ந்து ஒரு முகத்தை வாரக்கணக்கில் வரைவதற்கு இருக்கும் மதிப்பு வேறு. அக்ரிலிக்கும் இதில் சேர்த்தி. ஒரு வீடு, ஒரு பெரிய சுவர், அதைத் தலைமுறைக்கு வைக்க வேண்டும் என்ற எண்ணம், இவை இருந்தால் ஓவியத்துக்கு ஈடு இல்லை. 18×24 அங்குலத்துக்கு எங்களிடம் 30,000 கேட்டார் ஒரு ஓவியர். நியாயமான விலை. இரண்டாவது பிரதி என்றால் இரண்டாவது 30,000 என்றார். அதுவும் நியாயம்தான், ஆனால் எங்கள் கதை அதோடு முடிந்தது.

ஓவியரைத் தேர்ந்தெடுக்க, ஜனவரியில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திர சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். குமார கிருபா சாலை முழுக்க ஓவியங்களும் ஓவியர்களும் இருப்பார்கள். ஒருவர் முகத்தை எப்படி வரைகிறார் என்று நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஃபோனில் பார்க்கும் படத்தில் எல்லா ஓவியமும் அழகு.

மறைந்திருப்பது காலம். எண்ணெய் வர்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே காய மாதக்கணக்காகும். வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். இன்னொன்று, போட்டோவில் இல்லாததை ஓவியரும் ஊகித்துத்தான் நிரப்புவார். செயலியைவிட நன்றாக ஊகிப்பார், அவ்வளவுதான். அதனால் இரண்டு மூன்று கோணத்துப் போட்டோ இருப்பவர்களுக்கே ஓவியம் சரிவரும். ஒரே ஒரு அட்டைப் படத்தை வைத்துக்கொண்டு ஓவியம் கேட்டால், அட்டைப் படத்தின் பெரிய நகல்தான் கைக்கு வரும்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | ஸ்கிரீன் பிரிண்ட் | இங்க்ஜெட் | எண்ணெய் ஓவியம் |
|---|---|---|---|
| போட்டோ எப்படி இருக்க வேண்டும் | சின்னது, கறை பட்டது கூடப் போதும் | கூர்மையாக இருக்க வேண்டும் | பல கோணம் இருந்தால் நல்லது |
| ஒரு பிரதி, எங்களுக்குச் சொன்ன விலை | 21,900 | 9,200 | 30,000 |
| 12 பிரதி | 31,800 | 33,400 | யோசிக்கவே இல்லை |
| பிறகு இன்னொன்று | ஏறக்குறைய முதலிலிருந்து | உடனே | இன்னோர் ஓவியம் |
| மூன்றடிக்குள் பார்த்தால் | புள்ளியும் மை விளிம்பும் தெரியும், அதுவே அழகு | நுணுக்கம் தெரியும் | தூரிகைத் தடம் தெரியும் |
| பூஜை அறைக்கு | வேண்டாம் | சரி | சரி |
| எங்களுக்குச் சொன்ன காலம் | நாலு முதல் ஆறு வாரம் | ஒரு வாரம் | மூன்று மாதம், வார்னிஷ் தனி |

பட்டியலில் வராத ஒன்று சட்டம் போடும் செலவு. தாளில் எடுக்கும் இரண்டுக்கும் கண்ணாடி வேண்டும், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத அட்டை இடைவெளி வேண்டும். கண்ணாடியில் ஒட்டினால் மழைக்காலத்தில் மை கண்ணாடியோடு வந்துவிடும். பின்பக்கம் சாதாரணப் பழுப்பு அட்டை போட்டால் சில வருடத்தில் தாள் ஓரம் மஞ்சளாகும், இராமபாணப் பூச்சியும் வரும். சரியாகச் சட்டம் போட எங்களுக்கு ஒன்றுக்கு 3,800 ஆனது. கவனியுங்கள், பிரதியைவிட சட்டம் விலை அதிகம். பன்னிரண்டு சட்டத்துக்கு 45,600. “படம் நான் தருகிறேன், சட்டம் அவரவர் பொறுப்பு” என்று அப்பா குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டார். ஓசூரில் இருந்து கட்டைவிரல் மட்டும் வந்தது.

## நிஜம் எவ்வளவு, அரூபம் எவ்வளவு

ஸ்கிரீன் பிரிண்ட் என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும் இது. சக் குளோஸ் என்ற அமெரிக்க ஓவியர் நூறுக்கும் மேற்பட்ட நிறங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஸ்கிரீன் பிரிண்ட் முகங்கள் செய்திருக்கிறார். கிட்டே போனால் வட்டமும் கட்டமும்தான் தெரியும், பின்னால் நகர நகர ஒரு மனிதர் எழுந்து வருவார். நம் பட்ஜெட்டுக்கு நாலு நிறம். ஆனால் பாடம் அதுவே: எந்தத் தூரத்தில் முகம் ஒன்றுசேர்ந்து தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மாதிரியை ஏ4 தாளில் பார்த்துச் சம்மதிக்காதீர்கள். முழு அளவில் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, அதே சுவரில் ஒட்டி, இரண்டு நாள் போகட்டும்.

எங்கள் வீட்டில் நடந்த பேரம் இப்படி: கண், மூக்கு, மீசை, அந்தத் தொங்கும் இமை, இவற்றில் கை வைக்கக் கூடாது. சட்டை, காது, பின்னணி எப்படி வேண்டுமானாலும் போகலாம். முகத்தில் இயல்பான தோல் நிறம் கூடாது என்று வடிவமைத்தவர் சொன்னார். தட்டையாக ஒரே பழுப்பு நிறத்தை முகத்தில் போட்டால் நாடக வேஷம் போல ஆகிவிடுமாம். அவர் சொன்னது சரி என்று இரண்டாவது மாதிரியில் தெரிந்தது. முகம் தாளின் வெள்ளையிலேயே நின்றது, கறுப்புப் புள்ளி மட்டும். நிறமெல்லாம் சுற்றிலும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா கூட ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம்.

பளீரென்ற ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் பச்சை மைகளைக் காட்டுவார்கள், ஆசை வரும். அவைதான் வெயிலில் முதலில் வெளுக்கும். மேற்கு ஜன்னல் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

## போட்டோ யாருடையது

வீட்டுப் பெரியவர் படத்தைக் காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே என்கிறது 1957ஆம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். காசு கொடுத்து வரையச் சொல்லும் உருவப்படத்துக்கும் அதே விதி. ஸ்டுடியோ உங்கள் தாத்தாவைத் தன் விளம்பரத்தில் போடக் கூடாது என்றாலோ, போடலாம் என்றாலோ, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர், பாடகர் முகத்தை இணையத்தில் எடுத்து அடித்து விற்க நினைப்பவர்களுக்கு வேறு கதை. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த போட்டோவை வைத்துத்தான் வார்ஹோல் அவர் முகத்தைச் செய்தார். அதில் ஒரு படத்தை, வார்ஹோல் இறந்த பிறகு, 2016இல் அவருடைய அறக்கட்டளை ஒரு இதழுக்குக் கொடுத்த விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் ஏழுக்கு இரண்டு என்று போட்டோக்காரர் பக்கம் தீர்ப்பானது. வார்ஹோலின் அறக்கட்டளைக்கே அந்த நிலை. சொந்தச் சுவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## எப்போது கொடுப்பது

முதல் வருடத் திதிக்குள் வேண்டும் என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொல்லும் கெடு. அந்தத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சட்டம் போட ஒரு வாரம், அச்சுக்கும் மை காய்வதற்கும் இரண்டு வாரம், மாதிரி பார்த்து வீட்டில் வாக்குவாதம் நடக்க இரண்டு வாரம், இதைக் குறைக்காதீர்கள். ஆக ஐந்து வாரம். பத்திரிகை அடிப்பவரிடம் கொடுப்பதானால் தை, வைகாசி முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் போகாதீர்கள், உங்கள் நாலு தாளுக்காக அவர் மேஜையை ஒழிக்க மாட்டார். திதிக்கு மூன்றே வாரம் இருக்கிறது என்றால் இப்போதைக்கு இங்க்ஜெட்டில் ஒன்று எடுத்து மாட்டிவிட்டு, ஸ்கிரீன் பிரிண்டைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் யார் யாருக்கு வேண்டும் என்ற எண்ணிக்கையும் ஒரு நிலைக்கு வந்திருக்கும். எங்களுக்கு இப்போது பதினான்கு.